கேள்வி நேரம்: கினாபாத்தாங்கான் ஆற்றில் படகேறும் முன்

போன இதழில் மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடும் கினாபாத்தாங்கான் ஆற்றுப் பயணம் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி: போர்னியோ தீவின் வடகிழக்கில் 560 கிலோமீட்டர் ஓடி சூலு கடலில் கலக்கிற ஆறு அது, சபாவிலேயே நீளமானது. அதன் கீழ்ப்பகுதியில் சுக்காவ், பிலிட் போன்ற கம்பங்களில் (மலாய்க் கிராமங்களில்) தங்கிக்கொண்டு காலையிலும் மாலையிலும் சின்னப் படகில் ஏறினால், கரையோர மரங்களில் விலங்குகளைப் பார்க்கலாம். இவ்வளவுதான் எழுதினேன். ஆனால் கேள்விகள் நான் எழுதியதைவிட நீளமாக வந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டு மிச்சத்துக்கு இங்கே பதில்.

எட்டு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு டிசம்பரில் போகலாம் என்று இருக்கிறோம். முதலை இருக்கிற ஆற்றில் இந்தச் சின்னப் படகா என்று மாமியார் ஒரே பிடிவாதம். அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது? (பினாங்கு வாசகி)

மாமியார் சொல்வதில் பாதி சரி. முதலை நிஜம். அங்கே இருப்பது உவர்நீர் முதலை, உலகத்திலேயே பெரிய முதலை இனம், உள்ளூர்க்காரர்களை அது தாக்கிய சம்பவங்களும் உண்டு. ஆனால் அப்படி மாட்டியவர்கள் பெரும்பாலும் குளிக்கவோ துணி துவைக்கவோ வலை எடுக்கவோ தண்ணீரில் இறங்கியவர்கள். உயிர்காப்பு அங்கி போட்டுப் படகின் நடுவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் கதை வேறு. அவன் கையை வெளியே போட்டுத் தண்ணீரை அளைந்துகொண்டு வரக்கூடாது, அது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எட்டு வயதுப் பையனுக்கு விரல் தண்ணீரைத் தேடித்தான் போகும், அதனால் ஓரத்தில் நீங்கள் உட்காருங்கள்.

எனக்கு உறுத்துவது முதலை இல்லை, டிசம்பர். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அங்கே அடைமழைக் காலம். ஆறு கரையைத் தாண்டி ஏறிவிடும், விலங்குகள் உள்ளே மேட்டுக்குப் போய்விடும், மாலைச் சவாரி மழைக்கோட்டுக்குள்ளேயே முடியும். ஏப்ரலுக்குப் பிறகு அக்டோபருக்குள் வருகிற ஏதாவது ஒரு விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள். அப்புறம், ஒரு சவாரி இரண்டு மணி நேரம். படகில் கழிப்பறை கிடையாது. இறங்கி ஒதுங்கலாம் என்று கரையைப் பார்த்தால் அங்கேதான் மாமியார் சொன்ன ஆள் படுத்திருப்பார்.

ஆற்றில் குளிக்கலாமா? (செரம்பான் வாசகர்)

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

அந்த மூக்கு நீண்ட குரங்கின் படத்தைப் பார்த்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். மூக்கு எதற்கு அவ்வளவு? தொப்பையும் இருக்கிறதே, நன்றாகச் சாப்பிடுமோ? (கிள்ளான் வாசகி)

சிரித்தது நீங்கள் மட்டும் இல்லை. மலாய்க்காரர்கள் இதற்கு வைத்த பெயரே 'மொஞ்ஞெட் பெலாண்டா', அதாவது ஒல்லாந்தர் குரங்கு. செம்பட்டை முடி, பெரிய மூக்கு, முன்னால் தள்ளிய வயிறு என்று தீவுக்கு வந்த டச்சுக்காரர்களைப் பார்த்து யாரோ ஒரு குறும்பன் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது, போர்னியோவில் மட்டும்தான்.

மூக்கு ஆணுக்குத்தான் அப்படி. பெண்ணுக்குச் சின்னதாக மேல்நோக்கித் திரும்பியிருக்கும். பெரிய மூக்கு உள்ள ஆணுக்கு உடம்பும் பெரிது, அதைச் சுற்றி இருக்கிற பெண்களும் அதிகம், குரலும் அந்த மூக்கு வழியாக வரும்போது கனத்துப் போகிறது என்று 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கேட்டுப் பார்த்தால் புரியும். மூங்கில் குழாயை வாயில் வைத்துக்கொண்டு யாரோ ஏப்பம் விடுகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கு இன்னொரு மரத்திலிருந்து பதில். நான் முதலில் பார்த்த ஆண், படகுக்கு நேர் மேலே ஒரு கிளையில் கால் இரண்டையும் விரித்து, கடைவாசலில் காற்று வாங்குகிற முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. முதுகில் செங்கல் நிறத்தில் ஒரு கோட்டு, கை கால் சாம்பல், பின்பக்கம் மட்டும் வெள்ளை ஜட்டி போட்டது போல வெளுப்பு. இலையை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் மூக்கு குறுக்கே தொங்கியது. அது தன்பாட்டுக்கு மென்றுகொண்டே இருந்தது.

தொப்பை தீனியால் வந்த கொழுப்பு இல்லை. அது சாப்பிடுவது இளம் இலை, காய், விதை. இலையைச் செரிப்பதற்கென்று வயிற்றுக்குள் பல அறைகள், அதற்குள் நுண்ணுயிர்கள் வேலை செய்து இலையை நொதிக்க வைக்கின்றன. நம் வீட்டில் மாவு புளிக்கிறதே, ஏறக்குறைய அந்தக் கதைதான். மாவு பொங்குகிற மாதிரி அதன் வயிறும் எந்நேரமும் பொங்கியே இருக்கும். அதனால்தான் நன்றாகப் பழுத்த இனிப்புப் பழத்தை அது விரும்பாது. சர்க்கரை உள்ளே போனால் நொதிப்பு தலைக்கேறி வயிறு ஊதி உயிருக்கே ஆபத்தாகலாம். படகிலிருந்து வாழைப்பழம் எறியலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார், அவருக்கும் இதுவே பதில். இன்னொரு வேடிக்கை, சுக்காவுக்குப் பக்கத்தில் வந்து சேர்கிற மெனாங்குல் என்ற சிற்றாற்றில் இந்தக் குரங்குகள் தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்வதை ஆய்வாளர்கள் பார்த்து 2011இல் எழுதினார்கள். மாடு அசைபோடுகிறதே, அதே வேலை. குரங்கினத்தில் அப்படி அதற்குமுன் யாரும் பதிவு செய்ததில்லை.

சாயங்காலம் ஆனால் கூட்டம் கூட்டமாக ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வந்துவிடும். பகலில் காட்டுக்குள் எங்கே திரிந்தாலும் இரவுக்கு ஆற்றோரம்தான். படகுக்காரர்கள் நாலு மணிக்கு உங்களைக் கிளப்புவது அதற்காகத்தான், தேநீர் முடியவில்லை என்று முணுமுணுக்காமல் ஏறிவிடுங்கள்.

ஒரே மாலையில் நாலு வகைக் குரங்கு, ஒரு ஒராங் உத்தான், யானைக் கூட்டம், முதலை, இருவாச்சி எல்லாம் பார்த்தோம். முதுமலையில் மூன்று நாள் சுற்றியும் இவ்வளவு பார்த்ததில்லை. அவ்வளவு செழிப்பான காடா அது? (சென்னை வாசகர்)

உங்கள் அதிர்ஷ்டத்துக்கு வாழ்த்து. ஆனால் இந்தக் கேள்விக்கு நேரடியாக 'ஆமாம்' சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சண்டாக்கான் நகரத்திலிருந்து சுக்காவுக்கு வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் என்ன பார்த்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கிற மரம். மேடு ஏறினாலும் செம்பனை, இறங்கினாலும் செம்பனை. அப்புறம் திடீரென்று ஒரு கம்பம், ஒரு படகுத்துறை, ஆற்றின் இரு கரையிலும் காடு. படகில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் காடு முடிவே இல்லாத மாதிரி தெரியும். பல இடங்களில் அது ஒரு திரை. மரங்களுக்கு நடுவே கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், வரிசை பிசகாத செம்பனை ஓலைகள் அந்தப் பக்கம் வெளிச்சத்தில் தெரியும். எனக்கு அதைக் காட்டியவர் படகோட்டிதான். "பாங் (அண்ணே), உள்ளே எவ்வளவு தூரம் காடு?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் நீட்டினார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து லாரி ஒன்று கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது.

இதுதான் விஷயம். முதலில் பெரிய மரங்களை வெட்டினார்கள், 1980களுக்குப் பிறகு செம்பனை வந்தது. ஆறு நிரம்பி வழிகிற தாழ்வான இடங்களில் செம்பனை அழுகிவிடும் என்பதாலும், கொஞ்சம் பேர் போராடியதாலும் மிஞ்சியதைத்தான் 2005இல் கீழ் கினாபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். சுமார் 26,000 ஹெக்டேர், அதுவும் ஒரே காடாக இல்லை, ஆற்றோரமாகப் பத்துத் துண்டுகள். சமவெளி முழுக்கப் பரவித் திரிந்த விலங்குகள் இந்த ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டன. வீட்டை இடித்துத் திண்ணையை மட்டும் விட்டால் குடும்பமே திண்ணையில்தான் இருக்கும். தெருவில் போகிறவனுக்கு எல்லாரும் கண்ணில் படுவார்கள், ஆகா எவ்வளவு பெரிய குடும்பம் என்றும் தோன்றும்.

முதுமலையில் உங்கள் கண்ணில் படாத விலங்குக்கு உள்ளே போக இடம் இருந்தது, அதனால் போயிற்று. நீங்கள் மூன்று நாள் ஏமாந்ததைக் காட்டுக்கு நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

உங்களுடைய அந்த ஒராங் உத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நீந்தாது. முன்பு பெரிய மரங்கள் சிற்றாற்றின் இரு கரையிலிருந்தும் கிளை நீட்டி மேலே கை கோத்திருந்த காலத்தில் அதற்கு ஆறு ஒரு தடையே இல்லை. அந்த மரங்கள் போன பிறகு இந்தக் கரை இந்தக் கரைதான், அந்தக் கரை அந்தக் கரைதான். 1998இலிருந்து சுக்காவில் வேலை செய்கிற ஹூத்தான் என்ற அமைப்பினர் சிற்றாறுகளுக்குக் குறுக்கே கயிற்றுப் பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடுத்த முறை போனால் மேலே பாருங்கள், தீயணைப்பு வண்டியின் பழைய குழாயைப் போல ஒன்று தொங்கினால் அது குப்பை இல்லை.

நான் 31 வருஷம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினவன். உங்களைப் போன்ற ஆட்கள் படகில் ஏறிக் குரங்கைப் பார்த்துவிட்டு வந்து செம்பனையைத் திட்டுகிறீர்கள். உங்கள் வீட்டில் என்ன எண்ணெயில் பலகாரம் சுடுகிறார்கள்? (தெலுக் இந்தான் வாசகர்)

செம்பனை எண்ணெயில்தான், ஐயா. போன தீபாவளிக்கு முறுக்கும் அதிலேதான்.

உங்கள் கோபம் எனக்குப் புதிது இல்லை. நானும் பேராக்கில் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவன்தான். அப்பா ரப்பர் மரம் சீவினார், பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியபோது சளைக்காமல் அதற்கும் மாறினார். குலை விழுகிற சத்தமும், உதிரிப்பழம் பொறுக்கிப் பொறுக்கி அம்மாவின் விரல் நுனி காய்த்துப்போனதும் எனக்குத் தெரியும். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் செம்பனை நட்டது 1917இல், கோலசிலாங்கூர் பக்கம். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமாராம். நட்டது செம்பனை, பெயர் தென்னைமரம்! நம் ஆட்கள் எவ்வளவு உள்ளே இருந்திருக்கிறோம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். சபாவில் நிலைமை கொஞ்சம் வேறு, அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகளும் நம்மைப் போலத்தான் அந்த ஓலை நிழலில் வளர்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நான் சொல்ல வந்தது மரத்தைப் பற்றி இல்லை, ஆற்றங்கரையைப் பற்றி. சபாவின் நீர்வளச் சட்டப்படி ஆற்றின் கரையிலிருந்து குறைந்தது 20 மீட்டரைத் தொடாமல் விட வேண்டும். 20 மீட்டர் என்றால், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு வரிசைச் செம்பனையும் கொஞ்சமும். ஒரு யானைக் கூட்டம் அதில் எப்படி நடக்கும்? முன்னால் போகிறது காட்டில் இருந்தால் பின்னால் வருகிறது தோட்டத்தில் இருக்கும். அங்கே இளம் கன்றின் குருத்து இனிக்கும், அதைப் பிடுங்கும், காவலாளி பட்டாசு கொளுத்துவான், மறுநாள் மின்வேலி போடுவார்கள். சில நல்ல தோட்டங்கள் ஆற்றோரத்தில் இன்னும் கூடுதலாக விட்டுக்கொடுத்து மரம் நடுகின்றன, அதையும் நான் பார்த்திருக்கிறேன், அந்தத் தோட்டங்கள் திவாலாகிவிடவில்லை. கரையோர மரம் போனால் மண் சரிந்து ஆறு சேறாகி மீன் குறைகிறது என்று யானையைப் பற்றி அக்கறையே இல்லாத கம்பத்து மீனவர்கள்கூடச் சொல்கிறார்கள்.

31 வருஷம் என்கிறீர்கள். தோட்டத்தில் உங்கள் கண்ணில் பட்டதை, பாம்போ ஆந்தையோ பன்றியோ, எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் உங்களுக்கு என்று இப்போதே ஒதுக்கி வைக்கிறேன். திட்டவும் செய்யலாம்.

யானைக்குட்டி கரையில் நின்றது. எங்கள் படகோட்டி ஐந்தாறு மீட்டர் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டார், தாய் காதை விரித்து ஓடி வந்தது. பிள்ளைகள் அலறிவிட்டார்கள். இதை யாரிடம் சொல்வது? (யாழ்ப்பாணத்திலிருந்து வாசகி)

முதலில் படகோட்டியிடமே சொல்ல வேண்டும், அந்த இடத்திலேயே. நம் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு ஊர் வந்து எழுதுவார்கள். நானும் அந்த ரகம்தான் என்பதால் சொல்கிறேன்.

என் கதையைக் கேளுங்கள். இரண்டாவது முறை போனபோது பிலிட்டுக்கு மேலே ஒரு வளைவில் பன்னிரண்டு யானைகள் கோரைப்புல் மேய்ந்துகொண்டிருந்தன. வெயில் சாய்ந்த நேரம். ஒரு கவளம் புல்லைத் தும்பிக்கையால் சுருட்டிப் பிடுங்கி, முழங்காலில் இரண்டு தட்டு தட்டி, வேரில் ஒட்டிய மண் உதிர்ந்த பிறகுதான் வாயில் போட்டது ஒரு கிழவி. கீரைக்கட்டை உதறுகிற கை அது. எங்களுக்கு முன்னால் இரண்டு படகு எஞ்சினை அணைத்துவிட்டு எதிர்க்கரையோரம் நின்றன. நாங்களும் நின்றோம். அப்புறம் செய்தி பரவி எட்டு, ஒன்பது படகு வந்துவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கு மறைக்கிறதே, ஒருவர் முன்னே போனார், அவரைத் தாண்டி இன்னொருவர். நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் படகோட்டியிடம், "பாங், கொஞ்சம் முன்னால" என்றேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கொண்டுபோனார், காசு கொடுக்கிறவன் நான் ஆயிற்றே. இரண்டே நிமிடம். கிழவி புல்லைக் கீழே போட்டது, குட்டிகளை நடுவில் விட்டுக் கூட்டம் நெருக்கிக்கொண்டது, பிறகு ஒவ்வொன்றாகப் புதருக்குள் மறைந்துவிட்டன. நாங்கள் போயிருக்காவிட்டால் இருட்டும்வரை மேய்ந்திருக்கும். அந்தப் புதருக்குப் பின்னால் அவற்றுக்குப் போக எவ்வளவு இடம் இருந்தது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

பாதிப் படகோட்டிகள் கிட்டே போவதே நாம் கேட்போம் என்ற பயத்தில்தான். இனாமும் பாராட்டும் படத்தைப் பார்த்துத்தானே வருகிறது. ஏறியவுடனேயே "எங்களுக்குக் கிட்டே வேண்டாம், பெலான் பெலான் (மெதுவாக) போனால் போதும், எஞ்சினை நிறுத்தி நேரம் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், அந்த மனிதரின் தோள் இறங்குவது தெரியும். யானை காதை விரிப்பதும் தலையை ஆட்டுவதும் 'போ' என்ற பேச்சு. கன்று இருந்தால் எதிர்க்கரை ஓரமே சரியான இடம். ஆற்றின் நடுவில் யானை நீந்திக் கடந்துகொண்டிருந்தால் குறுக்கே போகவே கூடாது, முன்னால் நீந்துவதும் பின்னால் வருவதும் பிரிந்து தவிக்கும். அதையும் கேட்காமல் போகிற ஆளாக இருந்தால் தங்கும் விடுதியில் படகு எண்ணோடு எழுதிக் கொடுங்கள், வனவிலங்குத் துறையிடமும் சொல்லலாம்.

போர்னியோ யானைகள் மொத்தமே ஆயிரம் அளவில்தான் மிச்சம் என்று கணக்கிட்டு, 2024இல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் அவற்றைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊர் யானையைவிடக் குள்ளம், வால் நீளம், முகம் உருண்டை. எந்த வயதிலும் குட்டி மாதிரியே தோன்றும். கிட்டே போகத் தூண்டுவதே அந்த முகம்தான் என்று நினைக்கிறேன்.

செபிலோக்கில் ஒராங் உத்தான் நிச்சயம் தெரியும் என்கிறார்கள். அப்படியிருக்க ஆற்றுக்கு ஏன் போகவேண்டும்? (கோலாலம்பூர் வாசகர்)

இரண்டுக்கும் போங்கள், எப்படியும் இரண்டும் சண்டாக்கான் பக்கம்தான். செபிலோக் 1964இல் தொடங்கிய மறுவாழ்வு மையம். தாயை இழந்தவை, வீட்டில் சங்கிலியில் கிடந்தவை அங்கே காட்டுக்குப் பழகுகின்றன. காலையிலும் பிற்பகலிலும் மேடையில் பழம் வைப்பார்கள், வந்தாலும் வரும், காட்டில் பழம் நிறைந்திருந்தால் வராது. வராத நாள்தான் அவர்களுக்கு வெற்றி. நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் முகத்தில் மட்டும் அது தெரியாது.

ஆற்றில் பார்ப்பது வேறு. உயரத்தில் ஒரு கிளை அசையும், பழுப்பாகக் கோணிப்பை மாதிரி ஏதோ தெரியும், பத்து நிமிடம் கழுத்து வலிக்கப் பார்த்தால் ஒரு கை வெளியே வந்து கிளையை ஒடித்துக் கீழே செருகும். படுக்கை விரிக்கிறது. ஒவ்வொரு இரவும் புதுக் கூடு. தாயோடு ஏழெட்டு வருடம் ஒட்டிக்கொண்டிருந்து குட்டிகள் கற்றுக்கொள்கிற வேலைகளில் அதுவும் ஒன்று, செபிலோக்கில் அதைத்தான் மனிதர்கள் சொல்லிக்கொடுக்கப் படாதபாடு படுகிறார்கள்.

அட்டைக் கடிக்கு என்ன செய்வது? (கோயம்புத்தூர் வாசகி)

படகில் இருக்கும்வரை அட்டை இல்லை. காட்டு நடைக்குப் போனால் உண்டு, கால் வழியாக ஏறுவது ஒன்று, இலையில் காத்திருந்து இடுப்புக்கு மேலே பிடிப்பது இன்னொன்று. அட்டைக்கென்று தைத்த நீளக் காலுறை சண்டாக்கானில் கிடைக்கும். வால்பாறைப் பக்கம் மூக்குப்பொடி தடவுவார்களே, அதுவும் உதவும், ஆனால் தும்மினால் குரங்கெல்லாம் ஓடிவிடும். கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் மெல்ல நெம்பி எடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்படவேண்டாம்.

இருவாச்சியை ஆனைமலையிலேயே பார்க்கலாமே, அங்கே இருப்பதில் என்ன புதிது? (பொள்ளாச்சி வாசகர்)

பொள்ளாச்சிக்காரரிடம் இருவாச்சி பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். புதிது எண்ணிக்கையில். போர்னியோவில் இருக்கிற எட்டு வகை இருவாச்சிகளையும் இந்த ஒரே ஆற்றில் பார்க்க முடியும். ஒன்றுக்குத் தலைக்கு மேலே காண்டாமிருகக் கொம்பு மாதிரி சிவப்பாக வளைந்து நிற்கும், சரவாக் மாநிலத்தின் சின்னமே அதுதான். மற்றபடி குடும்ப வழக்கம் உங்கள் ஊர்ப் பறவையேதான். பெண் மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலை மண்ணும் எச்சமும் வைத்து அடைத்துக்கொள்ளும், விடுகிற சின்ன இடுக்கு வழியாக ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். பொந்து வேண்டுமானால் வயதான பெரிய மரம் வேண்டும், அது அங்கே எவ்வளவு குறைந்துவிட்டதென்றால், கூட்டுப்பெட்டி செய்து மரத்தில் கட்டிப் பார்க்கிறார்கள். சில ஜோடிகள் அதை ஏற்றும் கொண்டிருக்கின்றன. ஆற்றோரத்தில் அத்தி பழுத்திருக்கிற மரம் எதுவென்று படகோட்டியிடம் கேட்டு வையுங்கள், பழுத்த மரத்துக்கு யாரும் ஓலை அனுப்ப வேண்டியதில்லை.

இரண்டு நாள், நாலு சவாரி, மூன்றில் மழை. கண்டது உடும்பும் சாதாரணக் குரங்கும் மட்டும். யானையும் இல்லை, ஒராங் உத்தானும் இல்லை. கட்டின பணம் தண்டம். ஏன் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை? (சிங்கப்பூர் வாசகர்)

எச்சரிக்காதது என் தப்பு. போன இதழில் என் நல்ல நாட்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டேன். யானைகள் அந்தக் காட்டுத் துண்டுகளுக்கு இடையே நடந்துகொண்டே இருப்பவை, இந்த வாரம் சுக்காவில் என்றால் அடுத்த வாரம் எங்கோ மேலே. முன்பதிவு செய்யும்போதே விடுதியில் கேட்டால் யானை எந்தப் பக்கம் என்று உண்மையைச் சொல்லிவிடுவார்கள். குறைந்தது மூன்று இரவு வைத்துக்கொள்ளுங்கள், ஆறு சவாரியில் ஒன்றாவது வாய்க்கும்.

நீங்கள் நாலாவது சவாரியில், மழை இல்லாத அந்த ஒன்றில், எங்கே போனீர்கள் என்று எழுதவில்லை. பழைய ஆறு வளைந்து அறுபட்டுத் தேங்கிய குதிரைக் குளம்பு ஏரிகள் அங்கே நிறைய உண்டு, உள்ளே போகும்போது ஒரு சின்ன வாய்க்கால் வழியாகக் கிளையை ஒதுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். என் மூன்றாவது பயணம் உங்களுடையதைப் போலத்தான் இருந்தது, யானை இல்லை, ஒராங் உத்தான் இல்லை, கடைசிக் காலை மட்டும் அப்படி ஓர் ஏரிக்குள் போனோம். பனிமூட்டம் தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. நட்ட கட்டை ஒன்றில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. படகோட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிகரெட்டை எடுத்தார், பற்றவைக்காமலே திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். எதற்கு என்று கேட்க நான் வாயெடுக்கும்போது, படகுக்கு இரண்டு ஆள் தூரத்தில் ஒரு பெண் மூக்குக்குரங்கு, நீலம் பாய்ந்த முகத்தோடு ஒரு குட்டி கழுத்தில் தொங்க, சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கி, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, அக்கரைக்கு நீந்திப் போனது.